தின்னர் வாசனை

“தினமும் எவ்வளவு குடிப்பீங்க?” என்று கேட்டார் டாக்டர் ஸ்ரீவித்யா.

“குடிக்கிறதில்ல மேடம். வுட்டு ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார் பால்ராஜ்.

கட்டிலின் தலைமாட்டில் நின்ற கிருஷ்ணப்பா சிரித்தார். பால்ராஜின் மனைவி தமயந்திக்கு அண்ணன் அவர். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் குடிப்பவர் என்பதால், மற்ற நாட்களில் நியாயம் பேச அவருக்குத் தாராளமாக நேரமிருந்தது.

“மாப்ள, டாக்டரண்ட பொய் சொல்லாத. ரத்தமா வாந்தி எடுத்துக்கீற. நம்ம மர்பி டவுன் ஏரியாவே பாத்துச்சு. சும்மா இருக்கறவனுக்கு வவுறு அரிக்குமா?”

பால்ராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் எண்டோஸ்கோபி படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இரைப்பையின் உள்பக்கத்தில் அங்கங்கே செந்திட்டுகள். சிலவற்றின் நடுவில் கறுப்பாக உறைந்த ரத்தம்.

“இது அல்சர் இல்ல. அல்சர்னா ஆழமா குழி விழுந்திருக்கும். இங்க உள்தோல் மட்டும் அரிச்சுப் போயிருக்கு.”

“பட்டி உரிஞ்சிருக்கு, செங்கல் இன்னும் தெரில” என்றார் பால்ராஜ் தலையை மட்டும் திருப்பி. அவர் பெயிண்டர். இருபத்தைந்து வருடமாக பெங்களூரின் சுவர்களுக்குப் பட்டி மாவு பூசி வண்ணமடிக்கிறார்.

“கரெக்ட். ஆனா எங்க கசியுதுன்னு பாக்காம மேல பெயிண்ட் அடிச்சா நிக்குமா? அமிலத்தைக் குறைக்க மாத்திரை தரேன். எட்டு வாரத்துல ஆறிடும். எது அரிக்குதோ அதை நிறுத்தணும். நிறுத்தலன்னா அடுத்த தடவை நீங்க ஆஸ்பத்திரி வந்து சேர்றதே சந்தேகம்.”

தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கிருமி இருக்கான்னு பாத்தாச்சு, இல்ல” என்றார் டாக்டர். “ நிஜ ஹேளி, நிஜத்தைச் சொல்லுங்க. உண்மையைச் சொன்னாத்தான் வைத்தியம். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“இல்ல மேடம்.”

“நாட்டு மருந்து, பொடி, லேகியம்?”

“அதெல்லாம் இல்லவே இல்ல மேடம்.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

“அப்ப குடியேதான்” என்று கிருஷ்ணப்பா தீர்ப்புச் சொன்னார். டாக்டரும் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் வெளியே போனதும் தமயந்தி பின்னாலேயே ஓடினாள்.

“மேடம், ஒரு நிமிஷம். நான்தான் ஒரு பொடி கலந்து குடுத்துக்கினு இருக்கேன்.”

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். அதன் மேல் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. ‘குடியை மறக்கடிக்கும். அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்.’ உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எங்கும் போடவில்லை.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா. நைட்டு ரசத்துல. வயித்தப் புடிச்சிக்குவாரு. கேஸ்டிரிக்குன்னு சோடா வாங்கிக் குடுப்பேன்.”

“இதுக்குள்ள எதைப் போட்டாங்கன்னு போட்டவனுக்கே தெரியாதும்மா. வயித்தை அரிக்க இதே போதும். அவர்தான் குடியை விட்டுட்டேன்னு சொல்றாரே, அப்புறம் எதுக்கு?”

“பொடியாலதான் விட்டாருன்னு நெனச்சேன். நிறுத்தினா மறுபடி ஆரம்பிச்சிடுவாரோன்னு பயம். போன மாசம் வேற, வரும்போதெல்லாம் குப்புனு ஒரு வாசனை. ஒரு ஸ்பூன ரெண்டாக்கிட்டேன்.”

“போன மாசம் எங்க வேலை செஞ்சார்?”

“அல்சூர்ல ஒரு பங்களா. கதவு, ஜன்னலுக்கெல்லாம்...”

தமயந்தி பாதியில் நிறுத்தினாள். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் பெயிண்டில் தின்னர் ஊற்றிக் கலக்க வேண்டும்; அதுவும் குப்பென்றுதான் அடிக்கும். பெயிண்டரின் மனைவிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், “தின்னர் வாசனைடி” என்று சொல்லித்தான் அவர் தினமும் ஏமாற்றுவார். அதனால் நிஜமாகவே தின்னர் வாசனையோடு வந்தபோது அவள் நம்பவில்லை.

டாக்டர் டப்பாவை வாங்கிக்கொண்டார். “இனி ஒரு சிட்டிகைகூடப் போடாதீங்க. அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

வார்டில் கிருஷ்ணப்பாவின் பிரசங்கம் இன்னும் முடியவில்லை.

“அண்ணா, நீ கொஞ்சம் வெளிய இரு.”

அவர் முறைத்துக்கொண்டே போனார். தமயந்தி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“ஏங்க, உங்க ரசத்துல நான்...”

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“பொடி. மொத நாளே கசந்துச்சு. அரிசி டின்னு பின்னால டப்பாவயும் பாத்தேன்.”

இந்த இரண்டு வருடமும் தமயந்தி அவர் எதிரிலேயே உட்கார்ந்து, ரச டம்ளர் காலியாகும்வரை கண்கொட்டாமல் பார்த்திருக்கிறாள். அவரும் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.

“வயிறு அந்தப் பாடு படுத்துச்சே. தெரிஞ்சும் ஏன்யா குடிச்ச?”

பால்ராஜ் அவள் பக்கம் திரும்பினார்.

“குடிய விட்டுட்டேன்னு நான் சொன்னப்போ ஒரு ராத்திரிகூட நீ தூங்கல தமயந்தி. அந்த ரசத்த நான் குடிச்சப்புறந்தான் தூங்குன.”