வெள்ளைக் கோடுகள்

"ஐயோ, ஏன் சார் நிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் மேலாளர்.

ஆய்வுத் துறைக் காரிலிருந்து இறங்கி வந்தவர், கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் உட்கார்ந்தார்.

"லேப் எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல ஒரு காபி சாப்பிடலாம்."

"எனக்கு அவசரமே இல்ல சார். நிதானமா சாப்பிடுவோம்."

மேலாளருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சற்று முன்புதான் டிரான்ஸ்பார்மருக்குள் வைக்கும் மின்காப்பு அட்டையை எண்ணெய்த் தொட்டியில் மூழ்கவைத்து மின்சாரத்தை ஏற்றிச் சோதித்திருந்தார்கள். தாங்க வேண்டிய அளவில் பாதி ஏறுவதற்குள் மின்பொறி அட்டையின் மேல் ஊர்ந்து, கிளை கிளையாக வெள்ளைக் கோடுகளை இழுத்துவிட்டது. பொறி ஓடிய இடத்தில் அட்டைக்குள் ஊறியிருந்த எண்ணெய் விலகி வாயு புகுந்துவிடும். அதுதான் அந்த வெள்ளை. ஒரு மணி நேரம் போனால் எண்ணெய் மறுபடி ஊறி, கோடு இருந்த இடமே தெரியாது. அதற்குள் ஆய்வாளர் பார்த்துவிட்டால் சரக்கு மொத்தமும் திரும்பிவிடும், மேலாளரின் வேலையும் போய்விடும்.

"எத்தனை வருஷமா சார் இந்த வேலைல?"

"இருபத்திரெண்டு வருஷம். உக்காந்தே செய்யற வேலையா, இடுப்பு போச்சு சார்."

"அடடா! எந்தப் பக்கம் வலிக்குது?"

இடுப்பில் ஆரம்பித்த பேச்சு முழங்காலுக்கு இறங்கி, மூத்த மாப்பிள்ளையின் கோபத்தைத் தொட்டு, சின்ன மாப்பிள்ளையின் குறட்டையில் வந்து நின்றது. மேலாளர் எல்லாவற்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். சொந்த மாமனாரைக்கூட அவர் இப்படி உபசரித்ததில்லை. மேஜை டிராயருக்குள் போன் மூன்று முறை அதிர்ந்தது. நல்ல நேரத்தில் எவன் தொல்லை என்று முழங்காலால் டிராயரைத் தள்ளிச் சாத்தினார்.

இரண்டாவது காபியும் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். சோதனை முடிந்து ஒரு மணி நேரம் தாண்டி ஐந்து நிமிடம்.

"வாங்க சார், இப்போ அட்டையைப் பாத்துடலாம்!" என்று துள்ளி எழுந்தார்.

"நான் பாத்து என்ன சார் ஆகப் போகுது? நான் டிரைவர்" என்றார் வந்தவர், காபிக் கோப்பையை ஓரமாக வைத்தபடி. "ஆய்வாளர் மேடம் பின்பக்க கேட்டுலயே இறங்கி நேரா லேபுக்குப் போயிட்டாங்க. கோடு விழுந்திருந்தா மறையறதுக்குள்ள போட்டோ எடுக்கணும், அதுவரைக்கும் மேனேஜரை எழுந்திரிக்க விடாதேன்னு சொல்லித்தான் என்னை இங்க அனுப்பினாங்க."