அப்பாவுக்கு நான் எடுத்த வகுப்பு

மின்னூடகமும் பேச்சுக்கலையும் என்ற வகுப்பை மூன்று மாதம் நடத்தினேன். இப்போது மெஷின் யார் குரலிலும் பேசும்; போனில் வரும் குரல் யாருடையதாகவும் இருக்கலாம். அதனால் குரலை விட்டுவிட்டுப் பேச்சின் அமைப்பைக் கவனியுங்கள் என்றேன். போலிப் பேச்சு முதலில் பாசம் காட்டும், அடுத்து பயமுறுத்தும், பிறகு அவசரப்படுத்தும். அப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்று மாலை அணையைத் திறந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில், அக்கம்பக்கம் வீடில்லாத இடத்தில் தனியாக இருக்கும் அப்பாவை வெளியூரிலிருந்து போனில் அழைத்தேன்.

“சாப்பிட்டீங்களாப்பா? வெள்ளம் வருது. உடனே மாடிக்குப் போங்க.”

“பாசம், பயம், அவசரம். மூணும் வரிசையா வந்துட்டே!” என்று சிரித்தார். “எம் மவகிட்ட படிச்சவன்டே நான். வேற ஆளப் பாரு.”

“நான் வடிவுதாம்ப்பா!”

“எல்லா மெஷினும் அப்படித்தான் சொல்லுது.”

சின்ன வயதில் நடந்ததைச் சொன்னேன். அதெல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்றார். அதையும் சொல்லிக்கொடுத்தது நான்தான். பிடிவாதக்காரர் என்று கத்தினேன்.

“நடிப்பு பிரமாதம். ஆனா எம் மவளுக்குக் கோவம் வந்தா பேசவே மாட்டா, போன வச்சிருவா.”

தண்ணீர் அவர் வாசலைத் தொட இருபது நிமிடம் என்று வெள்ள எச்சரிக்கைத் திரை காட்டியது. ஏமாற்றுகிறவன் தானாக அழைப்பைத் துண்டிக்க மாட்டான். அவனுக்குப் பேச்சு மட்டும்தான் கருவி. இதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை.

அவர் சொன்ன மகளைப் போலவே, மேலே பேசாமல் போனை வைத்தேன். கோபித்துக்கொண்ட மகள் திரும்ப அழைக்கவும் மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அழைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் பதினான்கு நிமிடம்.