எவ்வளவு மருந்து

“தொண்ணூறு,” என்றார் எல்வுட். “தொண்ணூறு கிரெய்ன் கருமருந்து, மெல்லிசுத் துணியில சுத்தின ஈயக் குண்டு. அவ்வளவுதான். இதைக் கேக்கவா டவுன்லருந்து வண்டி எடுத்துட்டு வந்தே, புது மாப்ளே?”

டுவைட் அளவுக் குழாயில் கருமருந்தை நிரப்பினான்.

துப்பாக்கி ஆர்லீனின் அப்பாவுடையது. இருபது வருஷம் எல்வுட்டின் தோளில் தொங்கியது. எல்வுட்டோடு விவாகரத்தானபோது ஆர்லீன் அதை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு டுவைட்டைக் கட்டிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பென்சில்வேனியாவில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களின் மான் வேட்டை தொடங்கும். இந்த முறையும் டுவைட் வெறுங்கையோடு வந்தால், துப்பாக்கியை எல்வுட்டிடமே கொடுத்துவிடப்போவதாக ஆர்லீன் சொன்னாளாம். தீவனக் கடையில் பேச்சு.

குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனி உண்டு. இதன் தீனி எழுபது, தடித்த துணி. கூட்டினால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும்.

இந்தப் பக்கத்து ஆட்கள் மான் நிற்கும் இடத்தைப் பற்றிப் பொய் சொல்வார்கள். கொம்பின் நீளத்தைப் பற்றியும் சொல்வார்கள். மருந்தளவில் மட்டும் பகையாளியிடமும் பொய் சொல்வதில்லை. குறி தப்பி வயிற்றில் குண்டு வாங்கிய மான் புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் சாகும்.

எல்வுட்டுக்கு அது தெரியும்.

டுவைட் சுட்டான். புகை விலகியபோது வேலிக்கம்பத்தில் அறைந்திருந்த காகிதத் தட்டு வெள்ளையாகவே இருந்தது.

மறுபடி கெட்டித்தான். மறுபடி சுட்டான். தட்டில் பொட்டுகூட இல்லை.

“தட்டே உன்னைப் பாத்துச் சிரிக்குது. மான் என்ன பண்ணுமோ!”

குண்டைச் சுற்றியிருந்த துணி பனியில் விழுந்து கிடந்தது. நடுவில் கருகிய ஓட்டை. பழகியவன் பார்த்ததும் சொல்லிவிடுவான்: மருந்து அதிகம், துணி தாங்கவில்லை.

எல்வுட் நடந்துபோய் அதன்மேல் பூட்ஸை வைத்து நின்றார்.

டுவைட் அந்தப் பூட்ஸைப் பார்த்தான்.

“தொண்ணூறுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நான் சுட்ட துப்பாக்கிக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? கை நடுங்கினா அது என்ன செய்யும் பாவம்!”

டுவைட் குழலைத் துடைத்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பிக்கப் வண்டிக்கு நடந்தான்.

எல்வுட் விடவில்லை. “ஆர்லீன்கிட்ட போய்ச் சொல்லு...” என்று கத்திக்கொண்டே பின்னால் போனவர், வண்டியருகில் நின்றுவிட்டார்.

பின்தட்டில் எல்லாம் இருந்தன. ஆர்லீனின் அப்பா மருந்து வைத்திருந்த கொம்புக் குடுவை. குண்டு வார்க்கும் அச்சு. மான்தோல் உறை. ஆர்லீனின் வீட்டுச் சுவரில் துப்பாக்கியைத் தாங்கிய இரண்டு மான்கொம்புகள்கூட. திருகாணிகளில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

குறி பார்க்க மட்டும் வந்தவன் சுவர்க் கொம்பைக் கழற்றிக்கொண்டு வர மாட்டான்.

“சரியான அளவு அவளுக்குத் தெரியும்,” என்றான் டுவைட். “அப்பாவுக்குக் கெட்டிக் கொடுத்ததே அவதானாம். அவர்கிட்ட கேட்டுப் பாரு, உண்மையைச் சொன்னார்னா எல்லாத்தையும் அவர்கிட்டயே குடுத்துட்டு வான்னு சொன்னா. மருந்துல போய் அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டாருன்னு நான்தான் அவகிட்ட சண்டை போட்டேன்.”

துப்பாக்கியை உறையில் செருகி, தார்ப்பாயை இழுத்து மூடினான்.

“எழுபது,” என்றார் எல்வுட்.

டுவைட் கயிற்றின் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான்.