நாற்காலிக்கு வேறு நிறம்

உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்ததும் ஷூ பாலிஷ் வாசனை வந்தது.

மரத்துக்கு யாரும் ஷூ பாலிஷ் போட மாட்டார்கள். நான் போட்டிருக்கிறேன்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்னங்கால் ஒன்றில் சாய்வாக ஒரு விரிசல். பசை வைத்து ஒட்டி, இரண்டு ஆணி அடித்து, தழும்பு தெரியாமலிருக்கப் பழுப்பு பாலிஷைத் தேய்த்துவிட்ட வேலை. ஓர் ஆணி கோணலாக இறங்கியிருந்தது. சுத்தியல் பிடிக்கத் தெரியாத கை அடித்தது. அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் கால் எதன்மேல் பட்டு உடைந்தது என்பதை என் இடது தோள்பட்டை மழைக்காலம்தோறும் சொல்லும்.

அவனுடைய நாற்காலி.

அவர், அவர் என்று பழகிய வாயை அவன் என்று திருப்பவே எனக்கு வெகுநாள் பிடித்தது. நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் வாய் மறுபடி அவர் என்றது.

பழைய சாமான்களை வாங்கிச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்கும் கடை இது. அவன் வீட்டிலிருந்து ஓடி வந்த எனக்கு, நகரத்தின் இந்தக் கோடியில் ஒரு வேலை, வாடகைக்கு ஓர் அறை, பயமில்லாத தூக்கம். என் சொத்தெல்லாம் அவ்வளவுதான். என் கை எப்போதும் நாலைந்து நிறத்தில் இருப்பதால் முதலாளி என்னைப் பஞ்சவர்ணம் என்றே கூப்பிடுவார். நிஜப் பெயரை நான் அவரிடம் சொன்னதில்லை.

இந்த நாற்காலி எப்படி வந்தது என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நேத்து யாரோ ஆட்டோல கொண்டாந்து எறக்கிட்டுப் போயிருக்காங்க, நான் பாக்கல. இன்னொரு சாமான் இருக்காம், இப்ப எடுத்துட்டு வருவாங்க. ஏன் பஞ்சவர்ணம், நாற்காலி ஏதாவது பேசுச்சா?"

பேசத்தான் செய்தது.

இதை அவன் விற்கமாட்டான். இதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மடித்த துணியை ஒரு நிமிஷம் வைக்கக் கூடாது. தூசி தட்டுவதென்றால்கூட அவன் வெளியே போன பிறகுதான். அப்படிப்பட்டதை இரண்டு பஸ் மாறுகிற தூரம் தூக்கி வந்து, இத்தனை கடைகளைத் தாண்டி, இந்தக் கடையில் இறக்கியிருக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். நான் இங்கே இருப்பது தெரிந்துவிட்டது. முதலில் நாற்காலி, பின்னால் அவன். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் அவனுக்குப் பிடிக்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேயோடு குடித்தனம் நடத்தியவளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓடியிருக்கலாம். கடைக்கு ஒரே வாசல், அவன் வருவதும் அதே வாசல். கைக்கு எட்டிய டப்பாவைத் திறந்தேன். மஞ்சள். ப்ரைமர் வைக்காமல் பெயின்ட் அடிப்பது எங்கள் தொழிலில் பாவம். அந்தப் பாவத்தைச் செய்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அந்தப் பழுப்பு என் கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது.

கைப்பிடிகள் முடிந்து முதுகுப்பக்கம் முடிவதற்குள் வெளியே ஆட்டோ வந்து நின்றது.

விற்பனைக்கு நின்ற பெரிய அலமாரியின் பின்னால் போய் உட்கார்ந்தேன். கையிலிருந்த பிரஷ் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி "வாங்க வாங்க" என்றார். காலடிச் சத்தம் உள்ளே வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அவன் காலடி இல்லை.

எட்டிப் பார்த்தேன். ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். இந்த வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. ஒரு முக்காலியை இடுப்பில் குழந்தைபோல இடுக்கியிருந்தாள். முதலாளி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். கிட்டே போகாமல் நின்றாள். பிறகு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் கைப்பிடியைத் தொட்டாள். மஞ்சள் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் அதைச் சேலைத் தலைப்பின் உள்பக்கம் துடைத்தாள். வெளியே தெரியாத இடத்தில்.

நானும் உள்பக்கம்தான் துடைப்பேன்.

எழுந்து நின்றேன். அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். என் கையில் பிரஷைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அக்கா, அடையாளமே தெரியாம அடிச்சிருங்க. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு அவர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பொய் இன்னும் ரெண்டு நாள் தாங்கினா போதும், வித்த காசோட நான் கிளம்பிருவேன்."

நான் எதுவும் பேசியிருக்கக் கூடாது. நான் பேசினால் நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் மாட்டிக்கொண்டால், இந்தக் கடையையும் என்னையும் அவள் வாயிலிருந்து அவன் பிடுங்கிவிடுவான். அது அவனுக்குக் கைவந்த கலை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தேன். அடித்த இடத்திலேயே மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாசல்வரை போய்விட்டாள்.

"ஏம்மா," என்று கூப்பிட்டேன். "அந்த வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள அப்படியே இழுக்காத. மேல தூக்கிட்டு இழு. சத்தம் வராது."