முக்கால் பங்கு

அவர் சொம்பை வாங்கி, குடிக்காமல் கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார்.

பதினோரு வருடமாக நிலத்தடி நீர்த் துறையிலிருந்து இந்தக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க வருகிறார். வரும்போதெல்லாம் கிணற்றடி வீட்டு முத்திருளாயி ஒரு சொம்பு நீட்டுவாள். உப்புக் கரிக்கும். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போவார்.

இன்று சட்டைப் பையில் இந்தத் தண்ணீரின் பரிசோதனை முடிவு இருந்தது.

கொல்லைக்குப் பின்னால் ஆறு.

ஆறு என்று பேர்தான். வருடத்தில் பத்து நாள் ஓடினால் பெரிது. மற்ற நாளெல்லாம் கண் கூசும் மணல். அந்த மணலில் அக்கரைக்கு நடந்துபோன அவள் புருஷனை, எங்கோ பெய்த மழையின் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அதன்பின் அவள் ஆற்றில் கால் வைக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்குழாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தக் கிணறு ஒன்றுதான். வைராக்கியக்காரி என்றது ஊர். ஊர் வாய்க்கு வேறு என்ன தெரியும்?

முதல்முறை அவர் வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். இதில் ஆற்றுத் தண்ணீர் கலக்கிறதா?

இல்லவே இல்லை, இது பாறைத் தண்ணீர் என்று அடித்துச் சொன்னார். எந்தச் சோதனையும் செய்யாமல். பாவம், நிம்மதியாகக் குடிக்கட்டும் என்று.

அவள் முகம் வாடியது. பழைய துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது காகிதம் வேறு சொல்கிறது. மணலுக்குள் இறங்கும் வெள்ளம் அடியிலேயே நகர்ந்து, பாறைத் தண்ணீரோடு கலந்து, இந்தக் கிணற்றுக்குத்தான் வருகிறது. முக்கால் பங்கு ஆறு.

பதினோரு வருடம் அவளை அதையே குடிக்க வைத்திருக்கிறார். அவமானம் பிடுங்கித் தின்றது.

"என்னைய மன்னிச்சிரு தாயி" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். கயிறு நிற்கவில்லை.

"தெரியும் சார். வெள்ளம் வத்துன பத்தாம் நாளு இதுல உப்பு கொறஞ்சிரும். மொத தடவ வந்தன்னைக்கு நீங்க இல்லைன்னு சொன்னப்பதான் பதறிப் போனேன்."

கீழே வாளி தண்ணீரைத் தொட்டது.

"கரையேறாமப் போனவுக, வேற எந்த வழியா சார் வீட்டுக்கு வருவாக?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

பிறகு சொம்பை எடுத்தார்.