மூன்று சைபர்

"கதவைச் சாத்துங்க. உண்மை தெரியற வரைக்கும் ஒரு ஈ, காக்கா இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார் கரைகண்டவர்.

சாஃப்ட்வேர் கம்பெனியின் மீட்டிங் ரூமில் இழவு வீடு மாதிரி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போன சாஃப்ட்வேர் மூன்று மணி நேரத்துக்கு முன்பே சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது என்பதுதான் விசாரணை.

காலை பத்து ஐந்துக்கு, நாற்பது மருந்துக் கடைகளின் கம்ப்யூட்டர்களிலும் 'சர்வர் பதில் தரவில்லை' என்று வந்தது. பத்து இருபத்தேழுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் ஓடத் தொடங்கியது. நடுவில் இருபத்திரண்டு நிமிடம், மருந்துச் சீட்டும் இருமலுமாக ஜனங்கள் கடைவாசலில் நின்றார்கள்.

மூலை நாற்காலியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த சர்வீஸ் அக்காவுக்கு எல்லாம் தெரியும். கடைகளையும் சர்வரையும் இணைக்கும் வெப் சர்வீஸ் அவள் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். கெடுத்ததும் அவள்தான், சரி செய்ததும் அவள்தான்.

பதிலுக்கு முப்பது விநாடி காத்திரு என்று சொல்ல நினைத்து, செட்டிங்கில் 30 என்று அடித்தாள். அதுவோ ஒரு விநாடியை ஆயிரமாக நறுக்கிக் கணக்குப் பார்க்கும் கறார் பேர்வழி. கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வரவில்லை என்று ஒவ்வொரு கடையாகக் கத்தரித்துத் தள்ளியது. சுதாரித்துக்கொண்டு மூன்று சைபரைச் சேர்த்துவிட்டு, சத்தமில்லாமல் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் இதில் பாதித் தப்புக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு வருடம் பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டு, பதினாறு இன்டர்வியூவில் தோற்று, பதினேழாவதில் கிடைத்த வேலை இது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எல்லாருக்கும் வேர்க்குதா, இல்ல உங்களுக்கு மட்டும்தானா?" என்றான், கடைக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பக்கத்து நாற்காலி டெஸ்க்டாப்காரன்.

"ஜன்னல் இல்லாத ரூம்ல வேர்க்காம குளிருமாடா?"

"இது வெளிநாட்டு ஹேக்கர் வேலை" என்றார் கரைகண்டவர். கம்ப்யூட்டரில் கரை கண்டவர் என்று அவரே சொல்லிச் சொல்லி நிலைத்த பெயர். எந்தக் கரை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. "அது இல்லாட்டி சூரியக் கதிர். நேரா சிப்புக்குள்ள இறங்கிடும்."

"இறங்கினது சரி சார். இருபத்திரண்டு நிமிஷத்துல எப்படி ஏறிப் போச்சு?" என்றான் டெஸ்க்டாப்காரன்.

"மேகம் மறைச்சிருக்கும்."

அப்போது கதவு திறந்தது. கம்பெனி இயக்குநர் அம்மா வந்து உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் கவரை மேஜைமேல் வைத்தார்.

"சர்வர்ல என்ன பதிவாகியிருக்கு?"

"அட்மின் ரெண்டு தடவை உள்ள போயிருக்கார் மேடம். பத்து நாலுக்கு ஒரு தடவை, பத்து இருபத்தாறுக்கு ஒரு தடவை. என்ன பண்ணார்னு பதிவாகலை" என்றான் டெஸ்க்டாப்காரன்.

"யார் அந்த அட்மின்?"

எட்டுப் பேரும் சுவரைப் பார்த்தார்கள். எல்லாரும் உள்ளே போவது 'அட்மின்' என்ற ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில். அது சுவரில் ஒட்டியிருந்தது. 'ஒரே குடும்பத்துக்குள்ள எதுக்குத் தனித்தனிச் சாவி?' என்று ஒட்டவைத்தவர் கரைகண்டவர்.

"போகட்டும். கெடுத்தது யாருன்னு நான் கேட்கவே போறதில்லை" என்றார் அம்மா. "இவ்வளவு பேர் தேடியும் பிடிபடாத கோளாறை, சத்தமில்லாம ஒருத்தர் சரி பண்ணியிருக்கார். அந்தக் கை யாரோடதுன்னு மட்டும் தெரியணும். இந்தக் கவர் அவருக்குத்தான். பேரு ஒண்ணுதான் எழுதணும்."

குழுத்தலைவர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. எட்டுக் கழுத்துகள் கவரை நோக்கி நீண்டன.

கெடுத்ததைக் கேட்க மாட்டாராமே! அக்காவின் கை மடியிலிருந்து மெல்லக் கிளம்பி மேஜை விளிம்புவரை வந்தது. "மேடம், அது வந்து..."

"நான்தான் மேடம்!" நாற்காலி கிறீச்சிட, கரைகண்டவர் எழுந்து நின்றார். ஹேக்கரும் சூரியனும் அந்த நொடியே அஸ்தமித்தார்கள்.

"நீங்களா? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே?"

"தம்பட்டம் அடிச்சுப் பழக்கமில்ல மேடம்."

"பத்து இருபத்தாறுக்கு உள்ள போனது நீங்கதானா?"

"சாட்சாத் நானே."

"எங்க கோளாறுன்னு தேட ரொம்ப நேரம் ஆச்சோ?"

"தேடறதா?" கரைகண்டவர் சிரித்தார். "நேரா அந்த இடத்துக்குத்தான் போனேன். ஒரே நிமிஷம்."

அக்காவின் கை திரும்பவும் மடிக்குப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வாயைத் திறந்தால் கெடுத்த கதையும் சேர்ந்தல்லவா வெளியே வரும்?

அம்மா பேனாவை நகர்த்தினார். "பேரை நீங்களே எழுதிக்கோங்க."

கரைகண்டவர் பட்டங்கள் இரண்டையும் சேர்த்தே எழுதினார். பெருமையோடு ஒருமுறை எல்லாரையும் பார்த்துவிட்டுக் கவரைக் கிழித்தார். முதல் வரியிலேயே முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்னு இதுல இருக்கு!"

அம்மா பேனாவை வாங்கி மூடினார்.

"ஒளிச்சு வச்சவருக்குத்தானே சார், நேரா போய் எடுக்கத் தெரியும்?"