தொடர்புக்கு

பதினோராவது நாளும் போன் வாயைத் திறக்கவில்லை.

அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எதிரில் உட்கார்ந்து முறைத்தாள். முறைத்தால் அடித்துவிடுமா என்ன?

வீட்டுக்கே வந்து சோஃபா, மெத்தை சுத்தம் செய்து தரும் தொழில். இதுவரை ஒரே ஒரு தடவை ஓடிய மெஷின் கூடத்து மூலையில் நின்றது.

விளம்பரமெல்லாம் ஆன்லைனில்தான். அதிலும் இருப்பதிலேயே மலிவானது: வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர், பகல் நேரம் மட்டும், கீழே ‘இப்போதே அழைக்க’ என்று ஒரு பச்சைப் பொத்தான். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போட்டால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். முதல் வாடிக்கையாளரே வராதபோது யார் மெத்தையைப் படம் எடுப்பது?

தன் மெத்தையையே எடுத்தாள். கணவர் படுக்கும் பக்கம். எட்டு மாதமாக அவள் கை வைக்காத பக்கம். ‘பின்’ படம் பளிச்சென்று வந்தது. அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்தத் தொழில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மாதக் கடைசியில் அண்ணன் வந்து அவளைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவான். மாமனாரும் நாத்தனார் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியதுதான். கணவர் இறந்தபிறகு இந்த வீட்டில் மிச்சமிருப்பதே அவளும் மாமாவும்தான்.

மாமா வேறு இப்போதுதான் தேறியிருக்கிறார். எட்டு மாதமாகத் தாடியும் மீசையுமாய், கூப்பிட்டால் ‘ம்’ என்பதோடு சரி என்று கிடந்த மனுஷன், பத்து நாளாக விடிந்ததும் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு பின்னறையில் உட்கார்கிறார். மருமகள் தொழில் தொடங்கிய சந்தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், அவருக்காவது நம்பிக்கை இருக்கிறதே!

விளம்பரப் பக்கத்தைத் திறந்தாள். பார்த்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். பொத்தானை அழுத்தி அழைத்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

இருபத்து மூன்றா! அப்படியென்றால் இந்தப் போனுக்கு என்ன கேடு?

நெட்வொர்க்கைத் திட்டினாள். விளம்பரக் கம்பெனியைத் திட்டினாள். கடைசியில், பார்த்துவிடுவோம் என்று, யாரோ வாடிக்கையாளர் மாதிரி அந்தப் பச்சைப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

திரையில் ஒரு பெயர் வந்தது.

‘அவர்.’

கல்யாணமான புதிதில் அப்படிப் பதிந்தது; பெயரை எழுதக் கூச்சம். தினமும் பதினோரு மணிக்கு இந்த எழுத்து திரையில் வரும். ‘கேஸை மூடிட்டியா?’ என்று ஒரே கேள்வி. ‘மூடிட்டேங்க’ என்று ஒரே பதில். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு வீட்டு அடுப்பைக் காவல் காத்த மனுஷன்!

அட கடவுளே. வங்கியோ ஆஸ்பத்திரியோ, எந்தப் படிவத்திலும் ‘தொடர்பு எண்’ என்று கேட்டால் பதினாறு வருஷமாக அவள் கை எழுதியது அவருடைய எண்ணைத்தான். விளம்பரத்திலும் அதையே போட்டுத் தொலைத்திருக்கிறது, பாழாய்ப்போன கை.

துண்டிக்கப் போனாள். அதற்குள் பின்னறையில் மணி அடித்தது, பத்து நாளாக மாமாவுடைய போன் என்று அவள் நினைத்திருந்த அதே மணி.

மாமாவுடையது இல்லை, அவருடைய போன். பீரோவுக்குள் அணைந்து கிடக்கிறது என்று அவள் நினைத்திருந்த போன்.

“ஹலோ.”

அவர் குரல். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. போனில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே குரல். ஒருமுறை அவர் என்று நினைத்து மாமாவை ஐந்து நிமிஷம் காய்ச்சி எடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அவன்கிட்ட சொல்றேன்மா’ என்றார் மாமா. வீடே ஒரு வாரம் சிரித்தது.

“அவன் வேலையா வெளியே போயிருக்கான். வந்ததும் உங்களைக் கூப்பிடச் சொல்றேன்,” என்றது குரல், காதிலும் சுவருக்கு அந்தப்புறமும். அதில் என்ன உற்சாகம்!

இருபத்து மூன்று பேரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்; இப்போது அழைப்பது யார் என்று திரையைக்கூடப் பார்க்கவில்லை. இதைச் சொல்வதற்காகத்தான் தினமும் ஷேவ் செய்திருக்கிறார்.

வாயைப் பொத்திக்கொண்டு அழைப்பைத் துண்டித்தாள். கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. எண்ணை மாற்றும் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மாற்றினால் பின்னறை போன் இனி அடிக்காது. மாற்றாவிட்டால் மாதக் கடைசியில் அந்த அறையில் மாமாவே இருக்கமாட்டார்.

மாற்றினாள்.

இரண்டு நாள் பின்னறையில் சத்தமே இல்லை. மாமா ஷேவ் செய்யவில்லை.

மூன்றாம் நாள் முதல் வீடு கிடைத்தது. நாய் படுத்துப் பாழாக்கிய பழுப்பு சோஃபா. முட்டி போட்டு மெஷினை இழுத்துக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் அடித்தது. அடுத்த வாடிக்கையாளர்தான் என்று ஈரக்கையோடு எடுத்தாள்.

மணி பதினொன்று. திரையில் ‘அவர்’.

மாமாதான், வேறு யார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காதில் வைத்தாள்.

“கேஸை மூடிட்டியா?”

மாமா ஒருநாளும் அவளிடம் ‘மா’ போடாமல் பேசியதில்லை.

அந்த ஈர சோஃபாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மூடிட்டேங்க,” என்றாள்.